குதிரை (வீணை)

குதிரை என்பது தஞ்சாவூர் வீணையின் குடத்தை மூடியுள்ள மேற்பலகையின் மீது நின்று, வாசிப்புக் கம்பிகளைத் தாங்கும் உறுப்பு ஆகும். கம்பிகளின் அதிர்வு இதன் வழியாகவே பலகைக்கும் குடத்துக்கும் செல்கிறது. குதிரையைக் கடந்த கம்பிகள் லங்கர் எனப்படும் தடித்த வளைகம்பிகளில் கோக்கப்பட்டு, குடத்தின் ஓரத்தில் பொருத்தப்பட்டுள்ள நாகபாசத்தில் முடிகின்றன. மின்கிதாரில் குதிரையும் கம்பிப்பிடியும் செய்யும் வேலையையே வீணையில் இவை செய்கின்றன. ஆயினும் சுருதிப் பிழையைத் திருத்தும் முறையில் இரு கருவிகளும் நேரெதிரானவை.

அமைப்பு

குதிரையின் உடல் மரத்தாலானது. அதன் தலையில் உலோகத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு வாசிப்புக் கம்பிகள் இத்தகட்டின் மேல் செல்கின்றன. தாளத்துக்குரிய மூன்று பக்கக் கம்பிகளை, குதிரையின் பக்கத்தில் வில் போல வளைந்து நிற்கும் உலோகப் பக்கக் குதிரை தாங்குகிறது.

தகடு தட்டையாகத் தோன்றினாலும் சற்றே வளைந்தது. கம்பி ஒரு கூர்விளிம்பில் முறிந்து இறங்காமல், இவ்வளைவைத் தழுவியவாறு விலகுகிறது. வீணை, தம்புரா ஆகியவற்றின் இத்தன்மையை ஆராய்ந்த சி. வி. இராமன், 1921 இல் இது பற்றி எழுதினார். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியில் கணுவாக அமையும் மேற்சுரங்கள் ஒலிக்கா என்பது பழைய விதி. இக்கருவிகளில் அம்மேற்சுரங்களும் ஒலிக்கின்றன என்றும், குதிரையின் வளைவே அதற்குக் காரணம் என்றும் அவர் காட்டினார். தம்புராவில் இதே விளைவை நுணுக்கமாகக் கூட்டவும் குறைக்கவும் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே நூல் வைக்கின்றனர். வீணையில் நூல் இல்லை. தகட்டை அரத்தால் தேய்த்து மெருகேற்றும் கைத்திறனே நாதத்தைத் தீர்மானிக்கிறது.

குதிரையின் இடம்

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. அவை இரண்டு தாயிகளுக்கு (எண்மங்களுக்கு) உரியவை. 12ஆம் மெட்டு ஏறத்தாழக் கம்பியின் பாதி நீளத்திலும், 24ஆம் மெட்டு குதிரையிலிருந்து கால் பங்கு நீளத்திலும் அமையும். எனவே குதிரை சிறிது நகர்ந்தாலும் எல்லா மெட்டுகளும் பிழைபடும். ஆனால் அப்பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இராது. எடுத்துக்காட்டாக, 80 செ.மீ. நீளமுள்ள கம்பியில் குதிரை 4 மி.மீ. பின்னால் (நாகபாசத்தை நோக்கி) நகர்ந்ததாகக் கொள்வோம். திறந்த கம்பியை மீண்டும் சட்சத்துக்குச் சேர்த்த பின், 12ஆம் மெட்டு ஏறத்தாழ 9 சென்ட்டும், 24ஆம் மெட்டு ஏறத்தாழ 26 சென்ட்டும் தாழ்ந்து ஒலிக்கும். அரைச்சுரம் என்பது 100 சென்ட் ஆகையால் இது காதுக்கு நன்கு புலப்படும் குறையாகும்.

பழுதைக் கண்டறியவும் இக்கணக்கே உதவுகிறது. குதிரையை நெருங்க நெருங்கச் சுரங்கள் சீராகத் தாழ்ந்துகொண்டே போனால் குதிரை பின்தள்ளி நிற்கிறது. உயர்ந்துகொண்டே போனால் முன்தள்ளி நிற்கிறது. ஓரிரு மெட்டுகளில் மட்டும் சுரம் பிசகினால் குதிரையைத் தொடக்கூடாது, குற்றம் மெட்டினுடையது.

குதிரை பெரும்பாலும் கம்பிகளின் அழுத்தத்தாலேயே தன் இடத்தில் நிற்கிறது. ஆகவே எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் அவிழ்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவது நல்லது. குதிரையின் கால்கள் நிற்கும் இடத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்டால் பின்னர் தேட வேண்டியதில்லை.

மேளம் கட்டுதலும் கிதாரும்

மின்கிதாரில் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. அவற்றை நகர்த்த இயலாது. அதனால் குதிரையையே நகர்த்துகின்றனர். 1954 இல் வெளிவந்த கிப்சன் நிறுவனத்தின் டியூன்-ஓ-மேட்டிக் குதிரையிலும், அதே ஆண்டில் வந்த பெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரிலும் ஒவ்வொரு கம்பிக்கும் தனி இருக்கை உண்டு. திருகைத் திருப்பி, 12ஆம் மெட்டின் சுரம் உயர்ந்திருந்தால் இருக்கையைப் பின்னும், தாழ்ந்திருந்தால் முன்னும் நகர்த்துவர்.

வீணையில் நான்கு கம்பிகளுக்கும் குதிரை ஒன்றே. மாறாக, மெட்டுகள் கரி கலந்த மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. மெழுகை இளக்கி அவற்றை நகர்த்தலாம். இதுவே மேளம் கட்டுதல் எனப்படுகிறது. ஒரு மெட்டு நான்கு கம்பிகளுக்கும் பொதுவானது என்பதால் செவியைக் கொண்டே சமரசம் காணவேண்டும். முதலில் குதிரை, பின்னர் மேளம் என்பதே முறை. மேளம் கட்டிய பின் குதிரையை நகர்த்தினால் செய்த வேலை முழுவதும் வீணாகும்.

உயரமும் தேய்வும்

குதிரை உயர்ந்திருந்தால் கம்பியை அழுத்துவது கடினம். அழுத்தும்போது சுரமும் உயர்ந்துவிடும். தாழ்ந்திருந்தால் கம்பி மெட்டுகளில் உரசி இரையும். வீணையில் கம்பியை ஒரே மெட்டில் பக்கவாட்டில் இழுத்து மூன்று, நான்கு சுரங்கள் வரை கமகமாக வாசிப்பதால், இவ்வுயரம் கிதாரைவிடக் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் பகுதிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரத்தில் 1835 இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் வீணைக் கலைஞர் ஆவார். அவருடைய கீர்த்தனைகளின் நீண்ட இழைவுகளை இக்கருவியின் வழியே கேட்பவர்க்கு இது எளிதில் விளங்கும்.

எஃகுக் கம்பிகள் நாளடைவில் தகட்டில் பள்ளம் அறுக்கின்றன. அப்போது நாதம் மங்கும், அல்லது கரகரக்கும். தகட்டைத் தேய்த்துச் சரிசெய்வதைத் தேர்ந்த கைவினைஞரிடம் விடுவதே உசிதம். வளைவு ஒருமுறை கெட்டால் மீட்பது அரிது.

லங்கர்

கம்பிகளை முதலில் பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்ப்பர். மிக நுண்ணிய வேறுபாடுகளுக்கு லங்கரின் மீதுள்ள சிறு வளையம் முன்னும் பின்னும் நகர்த்தப்படும். இது வாசிப்பவரின் வலக்கைக்கு அருகில் இருப்பதால் கச்சேரியின் நடுவிலும் பயன்படுகிறது. கிதாரைப் போல் கம்பிப்பிடியை உயர்த்தித் தாழ்த்தும் வசதி நாகபாசத்தில் இல்லை. ஆகவே கம்பி குதிரையை அழுத்தும் விசையைக் குதிரையின் உயரமே முடிவுசெய்கிறது.

மின்வீணைகளுக்கும் ஒலிபெருக்கி வைத்த வீணைகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். கிதாரின் காந்த ஒலியுணரி பித்தளைக் கம்பிகளின் அதிர்வைச் சரிவர உணராது என்பதால், பலகையின் அதிர்வை நேரடியாக ஏற்கும் தொடர்பு ஒலிவாங்கியைக் குதிரைக்கு அருகில் பொருத்துவது வழக்கம்.