கடின எஃகு மடக்குக்கத்திகளும் சாணைக் கோல்களும்

கத்தியைச் சட்டத்தின் துணையோடு மாறாத கோணத்தில் தீட்ட உதவும் கோல்வகைச் சாணைக் கருவிகள் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவத் தொடங்கின. அதற்கு முன் கத்தி வைத்திருந்தவர் சாணைக்கல்லை மேசையில் கிடத்தி, அலகைச் சற்றே சாய்த்துத் தேய்க்க வேண்டும். அந்தச் சாய்வைக் காப்பது கையின் பொறுப்பு. இரண்டு பாகை கூடினாலும் கூர் மழுங்கும்; குறைந்தால் கல் கூரைத் தொடாமல் பக்கத்தை மட்டும் உரசும். இந்தப் பொறுப்பைக் கையிடமிருந்து வாங்கிச் சட்டத்திடம் கொடுத்ததே கோல்வகைக் கருவியின் சாதனை. ஆயினும் 2000க்குப் பின் மடக்குக்கத்திகளின் எஃகு மாறியபோது, கோணத்தைவிடக் கோல் எதனால் ஆனது என்பதே முதன்மைக் கேள்வியாயிற்று.

இறைச்சிக் கடைக் கோல்

கத்தி தீட்டும் கோல் என்றதும் பலருக்கு நினைவில் வருவது இறைச்சி வெட்டுபவர் கையில் இருக்கும் வரியிட்ட எஃகுக் கோல். அது பெரும்பாலும் உலோகத்தைத் தேய்த்து எடுப்பதில்லை. மடிந்த கூரை நிமிர்த்துகிறது. மென்மையான எஃகில்தான் கூர் மடியும். ராக்வெல் அளவில் 54 முதல் 57 வரையுள்ள சமையற்கத்திகளுக்கு அது ஏற்றது. 60ஐத் தொடும் மடக்குக்கத்தியின் கூரோ மடிவதைவிடப் பொடிப்பொடியாகச் சிதைவதே மிகுதி. சிதைந்த கூரை நிமிர்த்த முடியாது. புதிய கூரைத் தேய்த்துத்தான் உருவாக்க வேண்டும். கடின எஃகுக்கு எஃகுக் கோல் வாங்கி ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பீங்கான் கோல்கள்

சால் கிளெசர், கெயில் கிளெசர் தம்பதியர் 1970களில் ஸ்பைடெர்கோ நிறுவனத்தைத் தொடங்கினர். ரொட்டி விநியோக வண்டி ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு கண்காட்சிதோறும் சென்று பொருள்களை விற்றனர். பின்னர் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் நிலைகொண்டனர். அந்நிறுவனம் தன் முதல் கத்தியை வெளியிட்டது 1981இல்தான். முக்கோணப் பீங்கான் கோல்களைக் கொண்ட சாணைக் கருவி அதற்கு முன்பே வந்துவிட்டது. இன்று கத்திகளால் அறியப்படும் நிறுவனம் சாணை விற்றே வளர்ந்தது.

கருவியின் அமைப்பு எளிது. அடித்தளத்தில் இரு கோல்கள் 'வி' வடிவில் சாய்ந்து நிற்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்தால் போதும். செங்குத்தாகப் பிடிப்பது எவருக்கும் எளிது, கோணத்தைக் கோலின் சாய்வு பார்த்துக்கொள்ளும். ஸ்பைடெர்கோ கருவியில் பக்கத்துக்கு 15 பாகை, 20 பாகை என இரு நிலைகள் உண்டு. கோலின் மூலைவிளிம்பு கத்தியை மிகச் சிறிய இடத்தில் தொடுவதால் அழுத்தம் கூடி வேகமாகத் தேய்க்கும்; தட்டையான பக்கம் மென்மையாக முடிக்கும். பல்வாய்க் கத்தியின் பள்ளங்களுக்குள் புகவும் அந்த மூலையே உதவுகிறது. தட்டைக்கல்லால் இது இயலாது.

ஆர்தர் லான்ஸ்கி லெவின் 1979இல் தொடங்கிய லான்ஸ்கி நிறுவனம் வேறு வழியில் சென்றது. இதில் கத்தி பிடிப்பானில் அசையாமல் இருக்கும். சிறு கல்லோடு இணைந்த மெல்லிய கம்பி, பிடிப்பானிலுள்ள துளை வழியே போய்வரும். 17, 20, 25, 30 பாகைகளுக்குத் தனித்தனித் துளைகள். நீண்ட அலகில் நுனியை நெருங்க நெருங்கக் கோணம் மாறுவது இதன் குறை. மூன்று நான்கு அங்குல மடக்குக்கத்தியில் அது பெரிதாகத் தெரிவதில்லை.

ஸ்பைடெர்கோவின் பீங்கான் கோல்கள் அலுமினியம் ஆக்சைடால் ஆனவை. இயற்கையில் இதுவே குருந்தக்கல். 'கொரண்டம்' என்னும் ஆங்கிலப் பெயர் தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்து வந்ததென ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் அது இன்றும் காணப்படுகிறது. விக்கர்ஸ் அளவில் அதன் கடினம் சுமார் 2000. பதமேற்றிய கத்தி எஃகு சுமார் 700. அக்கால உயர்தரக் கத்திகளில் இருந்த 440சி எஃகின் குரோமியம் கார்பைடு துகள்கள் சுமார் 1500. எனவே பீங்கான் கோல் இரண்டையும் தேய்த்தது.

வனேடியம் எழுப்பிய சிக்கல்

உருகிய எஃகை வாயுவின் வேகத்தால் நுண்துளிகளாகச் சிதறடித்து, கிடைக்கும் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் கட்டியாக்கும் முறையை அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் வளர்த்தெடுத்தது. சாதாரண வார்ப்பில் வனேடியம் மிகுந்தால் கார்பைடுகள் பெரிய கட்டிகளாகத் திரண்டு எஃகை நொறுங்கவைக்கும். தூள் முறையில் அவை சிறிதாகவும் சீராகவும் பரவின. கத்தி செய்வோருடன் கலந்து, டிக் பார்பர் 2001இல் உருவாக்கிய எஸ்30வி எஃகில் வனேடியம் 4 விழுக்காடு. எஸ்90வி எஃகில் அது 9 விழுக்காடு. மாதக்கணக்கில் கூர் நிற்கும் மடக்குக்கத்திகள் இவற்றால் வந்தன.

ஆனால் வனேடியம் கார்பைடின் கடினம் 2600க்கும் மேல். பீங்கான் கோல் அதைவிட மென்மையானது. கோல் துகள்களைச் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்கிறது. துகள்கள் வெட்டப்படாமல் நிற்கின்றன அல்லது பிடுங்கப்படுகின்றன. எஸ்30வி கத்தியைப் பீங்கானால் தீட்டவே முடியாது என்று சிலர் சொல்வது மிகை. கூர் சற்றே தளர்ந்த நிலையில் பழுப்புநிறக் கோல் அதைத் திருத்திவிடும். முற்றிலும் மழுங்கியதைப் புதிதாகத் தீட்டவோ கோணத்தை மாற்றவோ முயன்றால்தான் மணிக்கணக்கில் கை வலிக்கும். எஸ்90வியில் அந்த முயற்சியே வீண்.

விடை ஏற்கெனவே ஆய்வகத்தில் இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1955இல் செயற்கை வைரத்தை அறிவித்தது. 1957இல் அங்கேயே ராபர்ட் வென்டார்ஃப் கனசதுர போரான் நைட்ரைடை உருவாக்கினார். இரண்டும் வனேடியம் கார்பைடைவிடக் கடினமானவை. பின்னாளில் அவை பூசிய கோல்களும் தகடுகளும் பழைய சட்டங்களிலேயே பொருந்தும்படி விற்பனைக்கு வந்தன. சட்டத்தை மாற்றாமல் கோலை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியே இக்கருவிகளின் ஆயுளை நீட்டித்தது எனலாம். வைரக் கோலில் துகள்கள் ஒரே அடுக்காகப் பதிந்திருப்பதால், அழுத்தித் தேய்த்தால் அவை பெயர்ந்துவிடும். கத்தியின் எடையளவு அழுத்தம் போதும்.

தேர்வில் இன்னொரு கண்ணியும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து 22 அல்லது 23 பாகையில் வந்த கத்தியை 20 பாகைச் சட்டத்தில் தேய்த்தால், கோல் கூரின் தோளை மட்டுமே தொடும். கூரின் ஓரத்தில் கறுப்பு மார்க்கர் மை பூசி, இரண்டு முறை இழுத்து, மை எங்கே அழிகிறதென்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நுனிவரை மை அழியாவிட்டால் முதலில் கோணத்தை மாற்ற வேண்டும். வனேடியம் எஃகில் அந்த வேலைக்கு வைரக் கோல் இன்றியமையாதது.

2021இல் வெளிவந்த மேக்னாகட் எஃகை உருவாக்கிய லாரின் தாமஸ் எதிர்த்திசையிலிருந்து இச்சிக்கலை அணுகினார். குரோமியம் கார்பைடுகளே உருவாகாதபடி கலவையை அமைத்ததால் அதில் கார்பைடுகள் குறைவு, மிக நுண்ணியவை. எஸ்30வியைவிட உறுதியும் கூடுதல். எஞ்சியவை வனேடியம், நையோபியம் கார்பைடுகள் என்பதால், மழுங்கிய மேக்னாகட் கத்தியைப் புதிதாகத் தீட்டுவதற்கும் வைரக் கோலே விரைவானது.