தாத்தா கடிதத்தில் உள்ள ரங்கூன் தெரு இப்போது எங்கே? பழைய முகவரியைத் தேடுவது எப்படி?

செட்டிநாட்டிலோ, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கமோ பழைய வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தால், ரங்கூன் முகவரி எழுதிய ஒரு கடித உறை கிடைப்பது அபூர்வமில்லை. 'மொகல் ஸ்ட்ரீட்', 'டல்ஹவுசி ஸ்ட்ரீட்', 'ஃபிரேசர் ஸ்ட்ரீட்' என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். கூகுள் மேப்பில் தட்டிப் பார்த்தால் ஒன்றுமே வராது. தாத்தா எங்கே இருந்தார், அவருடன் போன சித்தப்பா குடும்பம் என்ன ஆனது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்போ, அந்தத் தெரு எங்கே போனது?

தெரு இருக்கிறது, பெயர் இல்லை

1852-இல் ரங்கூனைப் பிடித்த ஆங்கிலேயர்கள், சூலே பகோடாவை மையமாக வைத்து, சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக ஒரு புது நகரத்தைத் திட்டமிட்டார்கள். பெரிய சாலைகள் பலவற்றுக்குத் துரைமார்களின் பெயர். சின்னத் தெருக்களுக்கு வெறும் எண். நாடு 1948-இல் விடுதலை பெற்ற பிறகு துரைமார் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. 1989-இல் ரங்கூன் என்ற பெயரே அதிகாரபூர்வமாக யாங்கோன் ஆனது.

டல்ஹவுசி ஸ்ட்ரீட் இன்று மகா பண்டூலா சாலை. ஃபிரேசர் ஸ்ட்ரீட் அனவ்ரதா சாலை. மாண்ட்கோமரி ஸ்ட்ரீட் போஜோக் ஆங் சான் சாலை. ஃபேர் ஸ்ட்ரீட், பன்சோடான் தெரு ஆகிவிட்டது. ஆற்றங்கரையை ஒட்டிய ஸ்ட்ராண்ட் ரோடு மட்டும் கிட்டத்தட்ட பழைய பெயரிலேயே தப்பித்தது. எண் போட்ட தெருக்களுக்கும் பிரச்சினை இல்லை. உங்கள் உறையில் '29-ஆம் தெரு' என்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அது இன்றும் 29-ஆம் தெருதான். தெருப் பெயருக்குப் பின்னால் 'அப்பர்', 'மிடில்', 'லோயர்' என்று ஒரு சொல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே போகும் பெரிய சாலைகள் நீளமான தெருவை மேல், நடு, கீழ் எனப் பிரிக்கின்றன. இந்த வழக்கம் இன்னும் இருக்கிறது.

மொகல் தெரு

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தேடும் பெயர் இதுதான். நகரத்தார் வட்டிக்கடைகளின் தலைமையிடம்போல இருந்த தெரு. அங்கிருந்த செட்டியார் கோயிலில் கூடித்தான் ரங்கூன் வட்டி விகிதத்தை முடிவு செய்தார்கள். இன்று அதன் பெயர் ஷ்வேபொந்தா தெரு. சூலே பகோடாவுக்கு மேற்கே இருக்கிறது. அதே தெருவில் உள்ள சூரத்தி சன்னி ஜும்மா மசூதியை மேப்பில் தேடினால் இடம் சட்டெனப் பிடிபடும். ஃபிரேசர் ஸ்ட்ரீட் முகவரி என்றால், தமிழர்கள் கட்டிய ஸ்ரீ காளி கோயிலை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை மாறும், கோயிலும் மசூதியும் பகோடாவும் அவ்வளவு லேசில் இடம் மாறுவதில்லை.

நகரத்தார் ஆவணங்களில் ஒரு சிக்கல் உண்டு. அதில் 'விலாசம்' என்று இருந்தால் அது முகவரி ஆகாது. தொழில் நடத்திய குடும்பத்தின் முன்னெழுத்து வரிசை அது. ஆனால் தேடுபவருக்குத் தெருப் பெயரை விட இது பெரிய துப்பு. ஒரே கிட்டங்கியில் பல விலாசக்காரர்கள் இருந்திருப்பார்கள், கதவு எண்ணை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. தாத்தா அங்கே மேலாளா, அடுத்தாளா, பெட்டியடிப் பையனா என்பது கணக்கேட்டிலோ சம்பளச் சீட்டிலோ இருக்கலாம். விலாசம் பெரும்பாலும் முதலாளி குடும்பத்துடையது என்பதால், உங்கள் தாத்தாவின் இனிஷியலோடு அது பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

கடிதம் எந்த ஆண்டு?

தேதி அழிந்திருந்தாலும் தபால்தலை சொல்லிவிடும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதுவரை அங்கே ஒட்டியது இந்தியத் தபால்தலைதான். பிரிந்த உடனே, அதே இந்தியத் தலையின் மேல் 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விட்டார்கள். 1938-இல் தனித் தபால்தலை வந்தது. பணக் கணக்கில் ரூபாய்க்குப் பதில் கியாட் இருந்தால் அது 1952-க்குப் பிந்தையது.

ஆண்டு தெரிந்தால் எந்த ஆவணத்தைத் தேடுவது என்பது தெளிவாகும். 1937-க்கு முந்தைய பர்மா விவகாரங்கள் இந்திய அரசுக் கோப்புகளிலேயே இருக்கும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் பட்டல்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 'தாக்கர்ஸ் டைரக்டரி'யின் பழைய பதிப்புகளில் ரங்கூன் நிறுவனங்களின் பட்டியல் உண்டு. முர்ரே நிறுவனம் வெளியிட்ட இந்தியா-பர்மா-இலங்கைப் பயணக் கையேட்டில் ரங்கூன் நகர வரைபடமே இருக்கும். அதை இன்றைய மேப்புக்குப் பக்கத்தில் வைத்து, பகோடாவிலிருந்து தெருக்களை எண்ணிக்கொண்டே போனால் போதும். இணையத்தில் தேடும்போது மொகல், மோகுல், முகல் என எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். தபால் முத்திரையில் ஊர்ப் பெயரையும் சரிபாருங்கள். ஸ்ட்ராண்ட் ரோடு கொல்கத்தாவிலும் உண்டு.

கதவு எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் நகரின் மீது குண்டு போட்டன. லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள், பலர் வழியிலேயே இறந்தார்கள். அதனால் தெருவைக் கண்டுபிடித்தாலும் அதே கட்டடம் இன்று நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 1941-க்கு முந்தைய உறையில் ஒரு எண்ணும், 1950-களின் உறையில் வேறு எண்ணும் இருந்தால், குடும்பம் வீடு மாறியதா, எண் மாறியதா என்பதை வேறு ஆவணத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

போருக்குப் பிறகு திரும்பிப் போனவர்களும் உண்டு. 1960-களில் கடைகளும் நிறுவனங்களும் தேசியமயமானபோது அவர்களில் பெரும்பாலோர் கப்பலேறினார்கள். அப்படி வந்த குடும்பமாக இருந்தால் 'தாயகம் திரும்பியோர்' சான்று, அடையாள அட்டை, கடன் தாள்கள் ஏதாவது வீட்டில் கிடக்கும். முதலில் அதைத் தேடுங்கள், பர்மா முகவரி அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

'இடத்தைக் கண்டுபிடித்தால் சொத்து கிடைக்குமா?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மியான்மரில் வெளிநாட்டினர் அசையாச் சொத்து வைத்திருக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் உஷாராக இருங்கள். 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே நேரில் போய் விசாரிப்பதும் சிரமமாகிவிட்டது. யாங்கோனில் உறவோ நண்பரோ இருந்தால், பழைய பெயருடன் புதுப் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பி, தெருமுனையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'மொகல் ஸ்ட்ரீட்' என்று மட்டும் அனுப்பினால், அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞருக்கும் புரியாமல் போகலாம்.