குன்னூர் ஊசியும் வீட்டு நாயும்

வீட்டு நாய்க்கு வரும் நோய்களில் மனிதனையும் கொல்வது வெறிநோய். அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது. லூயி பாஸ்டர் 1885இல் பாரிஸில் தடுப்பு முறையைக் கண்டார். இந்தியாவில் அதற்கான முதல் நிலையம் 1900இல் இமயமலைச் சரிவிலுள்ள கசௌலியில் அமைந்தது. தென்னாட்டார்க்கு அது எட்டாத தூரம்.

அந்தக் குறையை 1907இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தீர்த்தது. அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடை அதற்கு உதவியது. அன்று கொச்சி சமஸ்தானத்தில் இருந்த பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துக்கும், அதிலுள்ள பெருமாட்டிக்கும், வடக்கே தெரியும் நீலகிரியிலேயே மருந்து கிடைத்தது.

1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய மருந்து பின்னாளில் ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசி என்று ஊரே அஞ்சியது இதைத்தான். வலி ஒருபுறம், சிலருக்கு நரம்புப் பாதிப்பும் பக்கவாதமும் வந்தன. ஆனாலும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது அதுவே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா அதைக் கைவிட்டு, செல் வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசிக்கு மாறியது. இப்போது ஊசி பெரும்பாலும் கையில்தான்.

சின்ன நாய், குட்டி நாய் என்று கடியை அலட்சியம் செய்வது பெருந்தவறு. குட்டிக்கும் வெறிநோய் உண்டு. மூன்று மாதத்தில் குட்டிக்குத் தடுப்பூசி போடுங்கள், கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசியும் போடுங்கள். கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.