இணையத்தில் ஒருவரைப் பற்றி விசாரிப்பது: தனியார் துப்பறிவாளருக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லை எது?

நெய்யாற்றின்கரை (கேரளம்):

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். பேருந்தில் செல்பவருக்கு மாநிலம் மாறிவிட்டதைக் கடைப் பலகைகளின் எழுத்துதான் தெரிவிக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆனால், எல்லைக்கோடு குடும்பங்களைப் பிரித்துவிடவில்லை. பளுகல், கொல்லங்கோடு பகுதிகளில் இருந்து பாறசாலைக்குப் பெண் கொடுப்பதும், அங்கிருந்து எடுப்பதும் இன்றும் வழக்கமாக உள்ளது.

முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்கத் தரகரும், முக்குக்கடைத் தேநீர்க்காரரும், பங்குப் பேரவை அல்லது கோயில் கமிட்டியில் இருக்கும் ஓர் உறவினரும் போதுமானவர்களாக இருந்தனர். இப்போது அந்தப் பணியின் ஒரு பகுதி இணையத்துக்கு மாறியுள்ளது. வசதி உள்ளவர்கள் தனியார் துப்பறியும் முகமைகளை நாடுகின்றனர். அவ்வாறு நாடும் குடும்பத்துக்கும், பணியை ஏற்கும் துப்பறிவாளருக்கும் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பதில் பெரும் குழப்பம் நிலவுகிறது. இந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்த இதே எல்லைப் பகுதியில் நிகழ்ந்த ஒரு வழக்கே உதவும்.

பாறசாலை வழக்கு காட்டியது

பாறசாலையைச் சேர்ந்த 23 வயது கல்லூரி மாணவர் ஷாரோன் ராஜ், 2022 அக்டோபர் 14-ஆம் தேதி எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தன் காதலியின் வீட்டுக்குச் சென்றார். அங்கு அவருக்குக் களைக்கொல்லி கலந்த கஷாயம் கொடுக்கப்பட்டது. உறுப்புகள் செயலிழந்து, அக்டோபர் 25-ஆம் தேதி திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர் உயிரிழந்தார். நெய்யாற்றின்கரை கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2025 ஜனவரி 17-இல் அப்பெண்ணைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, ஜனவரி 20-இல் மரண தண்டனை விதித்தது. சான்றுகளை அழிக்க உதவியதாக அவருடைய தாய்மாமனுக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது, தாயார் விடுவிக்கப்பட்டார். தண்டனையை எதிர்த்த மேல்முறையீட்டைக் கேரள உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுள்ளது.

இந்த வழக்கில் மின்னணுச் சான்றுகளுக்கு முக்கிய இடம் இருந்தது. நஞ்சு பற்றியும், மாத்திரைகளின் அளவு மீறினால் விளையும் பாதிப்பு பற்றியும் இணையத்தில் தேடிய பதிவுகள், அழிக்கப்பட்டு மீட்கப்பட்ட உரையாடல்கள் ஆகியவை அரசுத் தரப்புச் சான்றுகளில் இடம்பெற்றன. அவற்றைக் காவல்துறை கைபேசிகளைச் சட்டப்படி கைப்பற்றி, தடயவியல் ஆய்வுக்கு அனுப்பிப் பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்கத்தில் இயற்கைக்கு மாறான மரணம் என்ற அளவிலேயே இருந்த இந்த விவகாரத்தில், ஷாரோனின் குடும்பத்தினர் தங்களுக்கு வந்த வாட்ஸ்அப் உரையாடல்களையும் குரல் பதிவுகளையும் முன்வைத்து ஐயம் எழுப்பினர். அவர்கள் எவருடைய கைபேசியையும் உடைத்துத் திறக்கவில்லை. தமக்கு வந்த செய்தியைத் தாமே அளிப்பது எந்தச் சட்டத்துக்கும் எதிரானதல்ல. தேடல் வரலாற்றை மீட்பது காவல்துறையின் வேலை. தன்னிடம் உள்ளதைப் பாதுகாத்து ஒப்படைப்பது குடிமகனின் வேலை. தனியார் துப்பறிவாளர் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார். அவருக்குச் சட்டத்தின் பார்வையில் சாதாரணக் குடிமகனைவிடக் கூடுதல் அதிகாரம் எதுவும் இல்லை.

உரிமம் இல்லாத தொழில்

இந்தியாவில் தனியார் துப்பறிவாளர்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கானது. துப்பறியும் முகமைகளுக்காக 2007-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவில்லை. எனவே, ‘அரசு அங்கீகாரம் பெற்ற துப்பறிவாளர்’ என்று விளம்பரத்தில் காணப்படும் சொற்றொடருக்கு நிறுவனப் பதிவு, வரிப் பதிவு ஆகியவற்றைத் தாண்டிப் பொருள் இல்லை.

அதனால் இது தடை செய்யப்பட்ட தொழில் ஆகிவிடாது. பிற சட்டங்களை மீறாத வரையில் எவரும் செய்யலாம். எந்த இடத்தில் மீறல் தொடங்குகிறது என்பதே கேள்வி.

திறந்த கதவுகள்

ஒருவர் தாமாகவே எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டவற்றைப் படிப்பதும் பதிவு செய்து வைப்பதும் அனுமதிக்கப்பட்டவை. பூட்டப்படாத முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்கள், லிங்க்ட்இன் தொழில் விவரங்கள், யூடியூப் பின்னூட்டங்கள் ஆகியவை இவ்வகை. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவுகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்துள்ளது. வேறொருவர் அனுமதியின்றிக் கசியவிட்ட தரவுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

தேர்ந்த துப்பறிவாளர் பெயரை மட்டும் தேடி நிறுத்துவதில்லை. ஒரே பயனர் பெயரைப் பலர் பல தளங்களில் பயன்படுத்துவர். ஒன்றைக் கண்டால் மற்றவை தொடர்ந்து வரும். முகப்புப் படத்தைக் கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடலில் இட்டால், அதே படம் வேறு பெயரில் எங்கேனும் உள்ளதா என்பது தெரியும். வளைகுடாவில் பொறியாளர் என்று கூறுபவரின் படம் வேறொருவருடையது என்பது இத்தகைய எளிய சோதனையிலேயே வெளிப்படக்கூடும். நீக்கப்பட்ட வலைப்பக்கங்களின் பழைய நகல்கள் இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷினில் கிடைக்கக்கூடும்.

எல்லைக் கிராமங்களில் இந்தத் தேடலுக்குத் தனிச் சிக்கல் உண்டு. மொழிபெயர்ப்பு மேசையில் அன்றாடம் சந்திக்கும் சிக்கலும் இதுவே. பாறசாலை என்ற ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு ‘எஸ்’ இட்டும் இரண்டு ‘எஸ்’ இட்டும் எழுதுகின்றனர். நெய்யாற்றின்கரைக்கும் இரு எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. ஆட்பெயர்களின் நிலை இன்னும் கடினம். தமிழகப் பக்கத்தில் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். கேரளப் பக்கத்தில் அது வீட்டுப் பெயராக இருக்கலாம். ஒரே ஆள் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், முகநூலில் வேறு விதமாகவும் இருப்பார். தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளிலும் தேடாதவர் பாதியைத் தவறவிடுவார். வேறொருவரின் வழக்கை இவர் தலையில் ஏற்றிவிடவும் கூடும். பெயரளவில் மட்டும் பொருந்தும் எந்தத் தகவலையும் வயது, தந்தை பெயர், முகவரி ஆகியவற்றில் குறைந்தது ஒன்றுடனாவது ஒப்பிடாமல் அறிக்கையில் சேர்ப்பது ஆபத்தானது.

சமூக ஊடகங்களைவிட நம்பகமானவை அரசுப் பதிவேடுகள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கட்சிக்காரரின் பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேடலாம். ஆனால் நெய்யாற்றின்கரை நீதிமன்ற வளாகத்தையும் குழித்துறை வளாகத்தையும் தனித்தனியே தேட வேண்டும். நிறுவன இயக்குநர் என்று சொல்பவரின் கூற்றை நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும், மருத்துவர் என்று சொல்பவரின் பதிவை மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் சரிபார்க்கலாம். சொத்து விவரத்துக்குத் தமிழகத்தில் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றும், கேரளத்தில் ‘பாத்யதா’ சான்றிதழும் உதவும்.

முந்தைய திருமணத்தை மறைத்தாரா என்பதே பல குடும்பங்களின் முதல் அச்சம். கேரளத்தில் திருமணப் பதிவு உள்ளாட்சி அமைப்புகளிடம் உள்ளது. தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவுத்துறையிடம் உள்ளது. எல்லையின் ஒரு பக்கத்தில் மட்டும் விசாரித்து ‘பதிவு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கையால் பயனில்லை.

பூட்டிய கதவுகள்

கடவுச்சொல்லை ஊகித்து மின்னஞ்சலைத் திறப்பது, மனைவி அல்லது கணவரின் கைபேசியில் வேவு செயலியை நிறுவுவது, அவர் உறங்கும்போது அவருடைய வாட்ஸ்அப்பை வேறொரு கணினியில் இணைத்துக்கொள்வது ஆகியவை அனுமதியற்ற அணுகல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கைபேசியை வாங்கிக் கொடுத்தவர் தாமே என்பது தற்காப்பு ஆகாது. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதை 66சி பிரிவும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதை 66டி பிரிவும் தண்டிக்கின்றன. போலிக் கணக்கு தொடங்கி நட்பு அழைப்பு அனுப்பும் பழக்கம் துப்பறிவாளர் சிலரிடம் உள்ளது. இரகசியத்தைக் கறப்பதற்காக வேறொருவராக நடிக்கும்போது, இந்த 66டி பிரிவின் நிழலில்தான் அவர்கள் நடக்கின்றனர்.

பெண்ணைப் பற்றிய விசாரணையில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் உள்ளிட்ட மின்னணுத் தொடர்புப் பயன்பாட்டை ஆண் ஒருவர் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாக வரையறுக்கிறது. முதல் முறை 3 ஆண்டு வரையிலும், மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரையிலும் சிறை. குற்றத்தைக் கண்டறியும் பணிக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால், அந்தப் பொறுப்பை அரசு ஒப்படைத்தவருக்கே அது கிடைக்கும். கட்டணம் செலுத்திய தந்தையோ கணவரோ ஒப்படைத்தது போதாது. சூழ்நிலையில் நியாயமான செயல் என்று வாதிட மற்றொரு விலக்கு இடம் தருகிறது என்றாலும், அதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருக்கும். பொதுப் பக்கத்தை ஒரு முறை பார்ப்பதற்கும், ஒரு பெண் எப்போது இணையத்துக்கு வருகிறார், எப்போது போகிறார் என்று நாள்தோறும் குறித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது.

கைபேசி அழைப்பு விவரங்கள் மற்றொரு பொறி. எந்தெந்த எண்ணுடன் எவ்வளவு நேரம் பேசினார் என்ற பட்டியலைப் பெற்றுத் தருவதாகச் சில முகமைகள் வாக்களிக்கின்றன. இவ்வாறு சட்டவிரோதமாக அழைப்பு விவரங்களை வாங்கி விற்றதாக 2018-இல் மகாராஷ்டிரத்தின் தாணே காவல்துறை தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, இத்தரவை அனுமதியின்றி அணுகுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று கூறுகிறது. உண்மையிலேயே தேவைப்படுபவர் வழக்கு தொடுத்து, நீதிமன்றம் வழியாக நிறுவனத்திடம் கோரலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இப்பதிவுகளை 2 ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. எனவே தாமதிக்காமல் கோருவது நல்லது.

தவறான வழியில் வந்த உண்மை

சட்டவிரோதமாகப் பெற்ற சான்றை நீதிமன்றம் ஏற்குமா? இதற்கு ஒற்றை விடை இல்லை. பொருத்தமான சான்று எவ்வழியில் வந்தாலும் ஏற்கலாம் என்பது இந்திய நீதிமன்றங்களின் நெடுங்கால நிலைப்பாடு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அறிவித்த பின்னர், அந்த நிலைப்பாடு கேள்விக்கு உள்ளானது. மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் பெற்று விவாகரத்து வழக்கில் கணவர் தாக்கல் செய்ததை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. தனியுரிமையை மீறிப் பெற்ற சான்று செல்லாது என்றது.

ஆனால், 2025 ஜூலை 14-இல் விபோர் கார்க் வழக்கில், கணவன்–மனைவி இடையேயான உரையாடலை ஒருவர் இரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைத் துப்பறிவாளர்களுக்குக் கிடைத்த பச்சைக்கொடியாகச் சிலர் விளம்பரப்படுத்துகின்றனர். அது சரியான வாசிப்பு அல்ல. அந்தத் தீர்ப்பு, உரையாடலில் தாமே பங்குபெற்ற வாழ்க்கைத்துணையின் பதிவு பற்றியது. வெளியாள் ஒருவர் பிறர் கைபேசிக்குள் நுழைந்தது பற்றியது அல்ல. மேலும், சான்று ஏற்கப்படுவது வேறு, அதைத் திருடியவர் தண்டிக்கப்படுவது வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழலாம்.

சட்டப்படி திரட்டிய தகவலும் முறையாகப் பதிவு செய்யப்படாவிட்டால் வீணாகும். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. அச்சான்றிதழில் கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பும் இடம்பெற வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்ணெழுத்துத் தொடர் அது. முந்தைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கடந்து வந்த திரைப்பிடிப்பு ஒன்றைக் காட்டி வழக்கு நடத்த முடியாது. பக்கத்தின் முழு முகவரி, பார்த்த நாள், நேரம், எடுத்த கருவி ஆகியவற்றை அப்போதே குறித்து வைக்க வேண்டும். மூலக் கைபேசியை விற்றுவிடவும் கூடாது.

எந்தக் காவல் நிலையம்?

பாறசாலை வழக்கில் நஞ்சு கொடுக்கப்பட்ட இடம் தமிழகம். மரணம் நிகழ்ந்த இடம் கேரளம். வழக்கைத் தமிழகத்துக்கு மாற்றக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது. செயல் நடந்த இடத்திலும், அதன் விளைவு ஏற்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்ற பழைய 179-ஆம் பிரிவின் விதி, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

இணையக் கண்காணிப்புக்கு ஆளாவோருக்கும் இது பொருந்தும். வேவு செயலியை நிறுவியவர் களியக்காவிளையிலும், கைபேசிக்கு உரியவர் பாறசாலையிலும் இருக்கலாம். ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்று கூறி எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது. புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பண மோசடியும் சேர்ந்திருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும் என்பதால், புகார் அளிப்பவர் கைபேசியில் உள்ள சந்தேகத்துக்குரிய செயலியை உடனடியாக நீக்கிவிடாமல் அந்த அதிகாரியிடம் காட்டுவது வழக்குக்கு வலுச் சேர்க்கும்.