சூரியத்தகட்டைப் பிரித்தெடுத்தல்: ஒரு சிறு வரலாறு

1997 வரை ஒரே மாவட்டமாக இருந்த சேலம், நாமக்கல் சமவெளியில் நிலத்தை உழும்போது வெள்ளை வெளேரென்று ஒரு கல் மேலே வரும். வெங்கச்சாங்கல் என்பார்கள். இரண்டை எடுத்து உரசித் தீப்பொறி பார்க்காத பிள்ளைகள் இப்பக்கம் குறைவு. நிலவியலார் அதைக் குவார்ட்ஸ் என்பர். அவ்வினத்தில் மிகத் தூய கல்லைக் கரியோடு சேர்த்து மின்னுலையில் இட்டால் சிலிக்கான் கிடைக்கிறது. அதை மேலும் தூய்மையாக்கி, படிகமாக வளர்த்து, மெல்லிய ஏடுகளாக அறுத்தால், சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சில்லு உருவாகிறது. இத்தனை வெப்பத்தையும் உழைப்பையும் விழுங்கிப் பிறந்த சில்லு, தகடு பழையதானபின் என்ன ஆகிறது?

சென்ற கோடையில் ராசிபுரம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அதைக் கண்டோம். நாலைந்து சூரியத்தகடுகளைத் தரையில் சாய்த்து, அலுமினியச் சட்டத்தைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். சட்டமும் செம்புக் கம்பியும் தராசுக்குப் போயின. கண்ணாடி பொடிப்பொடியாக வெடித்து, கருநீலச் சில்லுகளோடு ஒட்டியபடியே வேலியோரம் குவிந்தது. ஏன் இப்படி உடைக்கிறீர்கள் என்றோம். "சோலார் தட்டுல வேற என்னங்க இருக்குது?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர்.

நியாயமான கேள்விதான். தகட்டின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கண்ணாடி. சட்டம் அலுமினியம். எஞ்சியது நெகிழி, சிலிக்கான், செம்பு. இவற்றோடு சில்லின் முகத்தில் மயிரிழைபோல ஓடும் கோடுகள் வெள்ளி. எடையில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மீட்கக்கூடிய பொருள்களின் மதிப்பில் பெரும்பங்கு அதற்கே. சில்லுகளை இணைக்கும் ஈயப்பற்றில் ஈயமும் உண்டு. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியைக்கூட வீணாக்காமல் அரித்து வெள்ளி எடுப்பவர்கள் வாழும் மாவட்டம் இது. அதன் பக்கத்திலேயே வெள்ளி வேலியோரம் கிடக்கிறது. அதைவிடக் கவலை தருவது ஈயம். மழை பெய்தால் அக்குவியலின் நீர் ஓடையில் இறங்கும். இப்பக்கத்து ஓடைகள் பல திருமணிமுத்தாற்றில் சேர்வன. ஆறு காவிரிக்குப் போகிறது.

உடைப்பவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் இத்தகடு பிரிக்க முடியாதபடியே செய்யப்பட்டது. அதன் வரலாறு அறியத்தக்கது.

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கான் சில்லை உலகுக்குக் காட்டினர். முதலில் அது விண்கலங்களுக்கே பயன்பட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அதைத் தரைக்கு இறக்கும் முயற்சி வேகம் கொண்டது. 1975 முதல் 1986 வரை அந்நாட்டின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்திய திட்டத்தின் இலக்குகளில் வாட்டுக்கு அரை டாலர் விலையும் இருபதாண்டு ஆயுளும் முதன்மையானவை. மழையும் வெயிலும் தாங்க, சில்லைக் கண்ணாடியோடு ஒட்டும் மலிவான பசை வேண்டியிருந்தது. ஈ.வி.ஏ. என்னும் நெகிழி அதற்குத் தேர்வாயிற்று. வெற்றிடத்தில் ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் அழுத்தும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பிறகு மெழுகுபோல் மீண்டும் உருகுவதில்லை. இந்தியாவில் மத்திய மின்னணு நிறுவனம் 1977-இல் முதல் சில்லையும் 1978-இல் முதல் தகட்டையும் உருவாக்கியது. பின்னாளில் இங்கும் ஈ.வி.ஏ.வே வழக்காயிற்று. தகட்டுக்கு நீண்ட ஆயுள் தந்ததும் அந்தப் பிடிதான். பிரிப்பவனைத் தோற்கடிப்பதும் அந்தப் பிடிதான்.

சில்லை முழுதாக மீட்கும் முயற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிறிய தகடு ஒன்றை டிரைகுளோரோஎத்திலீன் என்னும் கரைப்பானில் 80 பாகையில் பத்து நாள் ஊறவைத்தனர். பசை இளகியது, ஆனால் இளகும்போது உப்பி, சில்லை உடைக்கப் பார்த்தது. மேலிருந்து அழுத்தம் கொடுத்து வைத்தபோதுதான் சில்லு சேதமின்றி வந்தது. ஆய்வகத்தில் வெற்றி, ஆனால் நச்சுக் கரைப்பானில் பத்து நாள் என்பது தொழிலுக்குத் தோதில்லை.

மற்றொன்று ஜெர்மனியின் பிரைபெர்க் நகரில். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் வெள்ளிச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊர் அது. அங்கே 2003-இல் ஒரு நிறுவனம் தகடுகளை ஏறத்தாழ 600 பாகையில் சுட்டுப் பசையை எரித்தது. கண்ணாடியும் சில்லும் தனித்தனியே நின்றன. சில்லின் மேற்பூச்சுகளை அமிலத்தால் களைந்து, அந்த ஏட்டிலிருந்தே புதுச் சில்லு செய்தனர். பெல்ஜியத்தில் 1983-இல் நிறுவிய தகடுகளும் 2009-இல் இம்முறையில் பிரிக்கப்பட்டன. இதற்கு இரு இடர்கள். பின்பக்கத் தாளில் புளோரின் இருந்தால் எரிக்கையில் நச்சுவாயு எழும். அதைக் கழுவிப் பிடிக்க வேண்டும். மேலும், சிக்கனம் கருதிச் சில்லுகள் ஆண்டுக்காண்டு மெலிந்தன. 300 மைக்ரான் அளவில் இருந்தவை 200-க்கும் கீழே வந்தபின் முழுதாக எடுப்பது அரிதாயிற்று. ஆகவே பலர் சில்லை உருக்கித் தூய சிலிக்கான் பெறும் வழிக்குத் திரும்பினர். 2022-இல் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனம் முற்றிலும் மீட்ட சிலிக்கானிலிருந்தே புதுச் சில்லு செய்து காட்டியது. கண்ணாடியை உடைக்காமல் சூடான கத்தியால் சீவிப் பிரிக்கும் இயந்திரத்தை ஜப்பானியர் உருவாக்கினர். எவ்வழியானாலும் தகடு நொறுங்காமல் வருவதே நல்ல தொடக்கம்.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழகத்தில் 2011-இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம் ஆண்டுக்கு 60,000 வீடுகளில் சூரிய விளக்குகளைத் தந்தது. தோட்டங்களில் சூரியப் பம்புகள் வந்தன. அத்தகடுகளில் மூத்தவை பதினைந்து வயதை நெருங்குகின்றன. சி.இ.இ.டபிள்யூ. என்னும் ஆய்வு மன்றம் 2024-இல் தந்த மதிப்பீட்டின்படி, 2023 மார்ச் வரை நாட்டில் நிறுவியவற்றிலிருந்து மட்டும் 2030-க்குள் 3,40,000 டன் கழிவு சேரும். அதில் மூன்றில் இரு பங்கு தமிழகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில். 2022-இல் வெளியிட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், 2034-35 வரை சேரும் தகட்டுக் கழிவைச் சேமித்து வைக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. நல்லதுதான். ஆனால் பசுமை வீட்டுக் கூரையில் இருக்கும் தகட்டை உற்பத்தியாளர் வந்து இறக்குவதில்லை. தெருவில் குரல் கொடுத்து வரும் பழைய இரும்பு வியாபாரிதான் இறக்குகிறார். விதிக்கும் அவருக்கும் நடுவே யாரும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய கை இச்சமவெளியில் இருக்கிறது என்று எண்ணுகிறோம். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைக்காரர்களுக்குச் சட்டத்தை வளைக்காமல் கழற்றத் தெரியும். சேலத்து வெள்ளிக்காரர்களுக்குத் துகளின் மதிப்பு தெரியும். தெரியாதது ஈயமும் புளோரினும் தரும் தீங்கு. அதைச் சொல்லித்தர நம் கல்லூரிகளில் வேதியியல் துறைகள் உள்ளன. வீட்டுக்கூடத்தில் வைத்துத் திராவகம் ஊற்றி வெள்ளி எடுக்கும் வேலையாக இது சுருங்கிவிட்டால், கடப்பாரையைவிடக் கேடு அதிகம். அனுமதி பெற்ற ஆலைக்கு முழுத்தகடாக அனுப்பும் சேகரிப்பிடம் வட்டத்துக்கு ஒன்று இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கழற்றிய தகட்டை முதலில் வெயிலில் வைத்து மீட்டரால் சோதிக்க வேண்டும். இன்னும் மின்சாரம் தருமானால் அது கழிவே அல்ல.

அன்று அந்தக் கடையில் முழுதாகக் கிடந்த ஒரு தகட்டை வாங்கி வந்தோம். மீட்டர் 17 வோல்ட் காட்டியது. இப்போது எங்கள் கல்லூரி மிதிவண்டி நிறுத்துமிடத்தில் அது ஒரு விளக்கை எரிக்கிறது.