வளைகுடாவை யார் எழுதினார்கள்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போனது சுற்றுலாவுக்கு. அதற்கு 'களஆய்வு' என்று பெயர் வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஹனோயில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன், "டிக்கெட் மட்டும் போட்டு வாடா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். போனேன். வடக்கு வியத்நாமில், ஹாலாங் வளைகுடாவில், இரண்டு இரவும் மூன்று பகலும் கப்பல்வாசம். குகை பார்த்தோம், கயாக் துடுப்பு போட்டோம், மணலில் படுத்தோம். சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். பச்சைத் தண்ணீரிலிருந்து சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. நீர்மட்டத்தில் அலை அரித்து அரித்து, ஒவ்வொரு பாறைக்கும் இடுப்பு மெலிந்திருக்கிறது. இந்த அழகு எப்படி உண்டாக்கப்பட்டது, அதற்காக எவையெல்லாம் அழிக்கப்பட்டன என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. பாறைகளைச் சொல்லவில்லை, அவற்றை 'அழகு' என்று மட்டும் பார்க்கச் சொல்லும் பார்வையைச் சொல்கிறேன்.

என் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு. நான் புதுச்சேரிக்காரன். எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வடவியத்நாமை அவர் 'தொங்க்கேன்' என்பார். "தொங்க்கேன்ல கடலே பாறையா மொளச்சிருக்கும்டா. எந்தப் பாறைக்குப் பின்னால எவன் இருக்கான்னு தெரியாது" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். கப்பல் மேல்தளத்தில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. அவருடைய பயத்தில் அழகுக்கு இடமிருக்கவில்லை.

1

'ஹாலாங்' என்றால் இறங்கிய டிராகன். படையெடுத்து வந்த எதிரியைத் தடுக்க வானத்திலிருந்து தாய் டிராகனும் குட்டிகளும் இறங்கின, அவை உமிழ்ந்த மணிகள் தீவுகளாயின என்பது கதை. எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இதுதான் முதல் பத்தி. வளைகுடாவுக்குப் பழைய பெயர்கள் வேறு. ஆன்பாங், ஹைதோங், வான்தோன் என்று நிர்வாகப் பெயர்களாலும் துறைமுகப் பெயர்களாலுமே இந்தக் கடல் அறியப்பட்டிருக்கிறது. வான்தோன் 1149இல் லீ வம்ச அரசன் திறந்த வணிகத் துறைமுகம். ஜாவாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் கப்பல்கள் வந்த இடம். டிராகனுக்கு முன்னால் இங்கே சுங்கக்காரனும் வியாபாரியும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

எதிரியைத் தடுத்ததற்கு மனிதச் சாட்சியங்கள் உண்டு. 938இல் ங்கோ குயென், 1288இல் த்ரான் ஹுங் தாவோ ஆகிய இருவரும் அருகிலுள்ள பாக்தாங் ஆற்றில் கூர்மரக் கழிகளை நட்டு, நீர் வற்றும் நேரத்தில் எதிரிக் கப்பல்களைச் சிக்க வைத்தார்கள். இரண்டாவது முறை சிக்கியது மங்கோலியப் படை. அதற்குச் சற்று முன்பு வான்தோன் கடலில் த்ரான் கான் து அந்தப் படையின் தானியக் கப்பல்களை அழித்திருந்தார். தவ்கோ என்ற குகைக்கு 'மரக்கழிக் குகை' என்பதே பொருள். கழிகளை அங்கே பதுக்கி வைத்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. அந்தக் கழிகளை வெட்டியவன், சேற்றில் இறங்கி நட்டவன் பெயர் எதிலும் இல்லை. தளபதிகளுக்குக் கோயில் இருக்கிறது.

1468இல் லே தான் தோங் என்ற அரசன் படையோடு இந்தப் பக்கம் வந்தபோது, கரையிலிருந்த மலையில் தன் கவிதையைச் செதுக்க வைத்தான். அன்றிலிருந்து அது 'பாய் தோ' மலை, அதாவது கவிதை மலை. நிலத்தின் மேல் அதிகாரம் தன் கையெழுத்தைப் போடுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இன்னொரு குகைக்குக் கன்னிக் குகை என்று பெயர். நிலக்கிழாரின் ஆசைநாயகியாக மறுத்த மீனவப் பெண்ணைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள், அவள் பட்டினியில் கல்லானாள் என்று கதை. அரசன் எழுதியது கல்லில் எழுத்தாக இருக்கிறது. மீனவப் பெண்ணுக்கோ கல்லாகிப் போகிற வாய்ப்புதான் கிடைத்திருக்கிறது. ஆனாலும் வர்க்க முரணை நேராகப் பேசுகிற பிரதி இந்த இரண்டில் எது என்று சொல்லத் தேவையில்லை.

2

பிரெஞ்சுக்காரர்கள் இந்த வளைகுடாவில் முதலில் கண்டது நிலக்கரி. ஹோன்காய், காம்ஃபா சுரங்கங்களுக்காக 1888இல் தொங்க்கேன் பிரெஞ்சு நிலக்கரிக் கம்பெனி அமைக்கப்பட்டது. அழகைக் கண்டதும் அதே காலத்தில்தான். இன்று கூட்டம் அதிகம் ஏறுகிற சுங்சோட் குகைக்கு 1901இல் அவர்கள் வைத்த பெயர் 'வியப்புக் குகை'. வியத்நாமியப் பெயரும் அதே பொருள்தான். யாருடைய வியப்பு? தலைமுறை தலைமுறையாகப் புயலுக்கு ஒதுங்கத் தெரிந்த மீனவனுக்குக் குகை வியப்பாக இருந்திருக்காது. கரியும் காட்சியும் ஒரே கப்பலில் ஏறி வந்தவை. ஒன்று உடலைப் பிழிந்தது, மற்றது கண்ணுக்கு விருந்து வைத்தது.

1936 நவம்பர் 12 அன்று காம்ஃபாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் சுரங்கப் பகுதி முழுவதும் பரவியது. 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கலந்துகொண்டார்கள். கம்பெனி கூலியை உயர்த்த வேண்டி வந்தது. இன்றும் வியத்நாமில் அந்த நாள்தான் சுரங்கத் தொழிலாளர் நாள். மூன்று பகலில் எங்கள் வழிகாட்டி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காம்ஃபா பக்கம் திறந்தவெளிச் சுரங்கங்கள் இன்னும் இயங்குகின்றன. கப்பல் போகும் தடம் அவற்றுக்கு முதுகைக் காட்டித்தான் போடப்பட்டிருக்கிறது.

அடுத்தது கையெழுத்துகளின் காலம். 1946 மார்ச் 24 அன்று ஹோ சி மின் இந்த வளைகுடாவில் நின்ற 'எமீல் பெர்த்தேன்' போர்க்கப்பலில் அட்மிரல் தர்ழான்லியூவைச் சந்தித்தார். பிரெஞ்சுக் கடற்படை அவர் முன்னால் அணிவகுத்தது. மரியாதையும் மிரட்டலும் ஒன்றாக இருந்த காட்சி அது. அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஹைஃபோங்கைக் குண்டுபோட்டுத் தாக்கின. 1948 ஜூன் 5 அன்று 'துகே-த்ருவேன்' கப்பலில், பாவோ தாய் முன்னிலையில், 'பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் சுதந்திரம்' என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. படையும் வெளியுறவும் பிரான்ஸ் கையில் இருக்கும், கொடி மட்டும் இவர்களுக்கு. அந்தச் சுதந்திரத்தைத் தரையில் வைத்துக் கொடுக்க முடியவில்லை, கப்பலில் வைத்துத்தான் கொடுக்க முடிந்தது என்பதே அதன் லட்சணம்.

தியென் பியென் ஃபூ வீழ்ந்த 1954இல், நவம்பர் 1 அன்று, புதுச்சேரியையும் பிரான்ஸ் விட்டது. ஹோன்காயிலிருந்து அது வெளியேறியது 1955 ஏப்ரலில். எங்கள் சொல்தா தாத்தா ஹைஃபோங்கில் கப்பலேறி ஊர் திரும்பிய வருஷமும் அதுதான். இங்கே நாம் சங்கடமான ஒன்றைப் பேசியாக வேண்டும். வியத்நாமின் வெற்றியை நம் முற்போக்கு மேடைகள் தம் வெற்றியாகக் கொண்டாடின. தினம் சண்டை நடக்கிற வீட்டுக்கு 'வியட்நாம் வீடு' என்று 1970இல் சினிமாவும் பெயர் வைத்தது. ஆனால் அந்த மண்ணுக்கு நம்மவர்கள் வட்டிக்கடை வைக்கவும், பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்து வேலை பார்க்கவும், துப்பாக்கி தூக்கவும் போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கு நம் கவிதைகளில் வரவில்லை. ஒடுக்கப்பட்டவரோடு நம்மை அடையாளப்படுத்திக்கொள்வது சுலபமாக இருந்தது. எங்கள் தெருக்கோடியிலிருந்த கிழவரிடம் போய் "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. நானும் கேட்கவில்லை. கேட்கிற வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

3

1964 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க விமானங்கள் ஹோன்காயைத் தாக்கின. சுட்டு வீழ்த்தப்பட்டு இங்கே கடலில் விழுந்த எவரெட் ஆல்வரெஸ், வடவியத்நாமில் சிறைப்பட்ட முதல் அமெரிக்க விமானி. 1973 பிப்ரவரியில்தான் விடுதலையானார். 1972 மே மாதம் ஹைஃபோங் முதலான துறைமுகங்களின் வாயில்களில் அமெரிக்கா கண்ணிவெடிகளைப் போட்டது. போட்டவர்களே 1973இல் வந்து அகற்றினார்கள்.

கட்பா தீவில் ஒரு மருத்துவமனைக் குகை இருக்கிறது. 1963-65இல் குகைக்குள் மூன்று தளங்களில் 17 அறைகள் கட்டினார்கள். 1975 வரை பயன்பட்டது. சிமென்ட் சுவர், இரும்புக் கதவு, அறுவைச் சிகிச்சை அறை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சுங்சோட்டின் வண்ண விளக்குகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் மூச்சு முட்டுகிறது. ஒரே சுண்ணாம்புப் பாறைதான். ஓரிடத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்குப் போட்டு 'இது ஆமை, இது யானை' என்று காட்டுகிறார்கள். இன்னோரிடத்தில் அடிபட்டவனைக் கிடத்தியிருந்தார்கள். இயற்கை தானாகப் பேசுவதில்லை. விளக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதைத்தான் அது சொல்கிறது.

மணல்கரைக்கும் வரலாறு உண்டு. தித்தோப் தீவின் பெயர் சோவியத் விண்வெளி வீரர் கெர்மான் தித்தோவுடையது. 1962இல் அவரை ஹோ சி மின் இங்கே கூட்டி வந்தார். சோவியத் ஒன்றியம் 1991இல் போய்விட்டது. பெயர் நீச்சலுடைக் கூட்டத்துக்கு நடுவே சிலையாக நிற்கிறது.

4

1992இல் 'இந்தோஷின்' என்ற பிரெஞ்சுப் படம் வந்தது. தப்பியோடும் காதலர்கள் இந்தப் பாறைகளுக்கு நடுவே திசை தெரியாமல் படகில் மிதக்கிறார்கள். தோட்டங்களுக்குக் கூலிகளை விலைபேசும் தீவு ஒன்றும் அதே படத்தில் வருகிறது. உலகம் ஞாபகம் வைத்திருப்பது படகைத்தான். 1994இல் யுனெஸ்கோ வளைகுடாவைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காரணம் இயற்கை அழகு. 2000இல் இரண்டாவது தகுதி கிடைத்தது. காரணம் நிலவியல். 2023இல் கட்பா தீவுக்கூட்டமும் சேர்க்கப்பட்டது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கடலைக் கண்டதும் திணை ஞாபகம் வருவது ஒரு வியாதி. ஆனாலும் இங்கே அது உதவுகிறது. நம் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல் தெய்வம், உணவு, பறவை, பறை, தொழில் என்று கருப்பொருளைக் கேட்கிறது. ஹாலாங்குக்குத் தரப்பட்ட இரண்டு தகுதிகளும் முதற்பொருளோடு நின்றுவிட்டன. வளைகுடாவில் 1,969 தீவுகள் என்று எண்ணியிருக்கிறார்கள். இந்தத் தண்ணீரிலேயே பிறந்து, படகிலேயே பெண் கேட்டு, படகிலேயே கல்யாணப் பாட்டுப் பாடிய மக்கள் அந்தத் தகுதிகளுக்குள் வரவில்லை.

குவாவான், வுங்வியெங் போன்ற மிதக்கும் ஊர்களில் இருந்தவர்கள் அவர்கள். 2014இல் 300க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையில் கட்டிய வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அரசு சொன்ன காரணங்கள் புயல், பள்ளிக்கூடம், மருத்துவம், தண்ணீர் மாசு. இவற்றைப் பொய் என்று சொல்லிவிட்டு நாம் புரட்சி பேசிக்கொண்டிருக்க முடியாது. வுங்வியெங்கில் எங்களை மூங்கில் படகில் வைத்துத் துடுப்புப் போட்ட பெண்ணிடம் நண்பனை விட்டுக் கேட்கச் சொன்னேன். கரையிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர். நண்பன் மொழிபெயர்த்தான்: "பள்ளிக்கூடம் பக்கத்துல வந்துடுச்சாம். கடல்தான் தூரமாப் போச்சாம்." அவர் பிறந்த ஊருக்கு இப்போது கூலிக்கு வருகிறார். அங்கே வீடாக இருந்தவை இப்போது பார்க்கிற இடம்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2012இல், சுற்றுலாப் படகுகளெல்லாம் வெள்ளை பூச வேண்டும் என்று மாகாண நிர்வாகம் உத்தரவிட்டது. பழுப்பு மரப் படகுகள் வெள்ளையாகின. படகு வெள்ளை, தண்ணீர் பச்சை, கரி கண்ணுக்கு மறைவு, ஜனங்கள் கரையில். சட்டகம் சுத்தமாகிவிட்டது. கடல் மட்டும் அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. 2025 ஜூலை 19 அன்று திடீர்ப் புயல் மழையில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 35க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக வந்த வியத்நாமியர்கள்.

5

கடைசி நாள் லுவோன் குகைக்குக் கயாக்கில் போனோம். கயாக் வடதுருவ மக்கள் தோலால் கட்டிய வேட்டைப் படகு. எனக்குக் கிடைத்தது ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். தாழ்ந்த பாறை வளைவின் கீழே தலையைக் குனிந்து நுழைந்தால், நாலாபுறமும் சுவர் வைத்த குளம் போலத் தண்ணீர். சத்தமே இல்லை. "பேசாம இரு, கொஞ்சம் அனுபவி" என்றான் நண்பன். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. அரசியல் தெரிந்தவன் அழகை ரசிக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அங்கே எனக்கு உடம்பெல்லாம் லேசானது உண்மை.

ஆனால் சொல்தா தாத்தாவின் கண்ணுக்கு இதே இடம் பதுங்கிச் சுடுவதற்கு வாகான பொறி. அதே தண்ணீர் துடுப்புப் போட்ட பெண்ணுக்குத் தெருவாக இருந்தது, கம்பெனிக்குக் கரி ஏற்றும் பாதையாக இருந்தது, அரசனுக்குக் கையெழுத்துப் போடும் தாளாக இருந்தது. இவற்றில் ஒரு பார்வையை மட்டும் 'இயற்கை' என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். இதற்கு வியத்நாம் வரை போக வேண்டியதில்லை. நம் கடற்கரைகளிலும் 'அழகுபடுத்துதல்' என்ற சொல் வரும்போதெல்லாம் முதலில் கிளம்பச் சொல்லப்படுவது யார் என்பது நமக்குத் தெரியும்.

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெட்டிகளில் கடிதங்களும் பதக்கங்களும் படங்களும் இருக்கும். அவற்றைப் படித்து, அங்கே நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுகிற வேலை பாக்கி இருக்கிறது. நம் வெட்கத்தையும் சேர்த்து எழுத வேண்டிய வேலை அது. நண்பர்கள் யாராவது முன்வந்தால் நானும் வருகிறேன்.