நெய்க் கொப்பரையும் பிரயோகசாலையும்

தேவேந்திரன் தன் பாவம் நீங்கிச் சுத்தி பெற்ற தலம் என்று ஸ்தலபுராணம் போற்றும் சுசீந்திரம், 1956 நவம்பர் முதல் தேதி தமிழகத்தோடு இணையும் வரையில் திருவனந்தபுரத்து ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தாணுமாலயப் பெருமானின் அந்தச் சந்நிதியில், ஒழுக்கக் குற்றம் சுமத்தப்பட்ட நம்பூதிரி ஆடவர் கொதிக்கும் நெய்யில் கையை விட்டு, அதனுள் இடப்பட்ட சிறு உருவத்தை எடுத்துத் தம் நிரபராதித்துவத்தை நிரூபிக்க வேண்டும் என்ற கடுமையான வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அதற்குக் கைமுக்கு என்று பெயர். கையைக் கட்டி, சில நாள் சென்றபின் அவிழ்த்துப் பார்த்து, புண் உண்டா இல்லையா என்பதைக் கொண்டே தீர்ப்புக் கூறினார்கள். அந்தப் பரீட்சைக்கு ஆன பொருட்செலவு சில படி நெய்தான். எஞ்சிய செலவு முழுவதையும் குற்றம் சாட்டப்பட்டவன் தன் கையால் செலுத்தினான்.

இக்கொடிய வழக்கத்தை ஒழித்தவர் 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா. சங்கீத வித்துவானாகவே நாம் நினைவுகூரும் அம்மன்னர், 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவி, ஆலப்புழையில் வாணிபப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட்டை அதன் தலைவராக்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நெய்க் கொப்பரையை அகற்றிய கையே தூரதரிசினிக் கண்ணாடிக்குக் கஜானாவைத் திறந்தது. பின்னர் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரோன், அகஸ்தியர் மலையின் மீதும் ஒரு நிலையம் அமைத்து, பூமியின் காந்தசக்தி நாள்தோறும் அடையும் நுண்ணிய மாறுதல்களைப் பல ஆண்டுகள் சலிப்பின்றிக் குறித்து வந்தார். அவர் குறிப்புகள் நூலாக அச்சேறியது 1874-இல். உடனடிப் பயன் எதுவும் தராத ஓர் ஆராய்ச்சிக்குச் சமஸ்தானம் அத்தனை காலம் பொருள் கொடுத்தது.

அத்தகைய பொறுமைக்கும் நியாயஸ்தலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குத் தலைச்சேரி வழக்கொன்று விடை கூறும். ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வினா எழுந்தபோது, ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங் மரபணு ரேகையைச் சாட்சியமாக வைத்தார். அதை ஏற்றுக்கொண்ட தீர்ப்பைக் கேரள உயர்நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தது. இந்தியாவில் இத்தகைய சாட்சியம் ஏற்கப்பட்ட முதல் வழக்கு அதுவே என்பர். ஆனால் லால்ஜி சிங் கையாண்ட கருவி எங்கிருந்து வந்தது? கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றில் ஆண் பெண் பேதம் எவ்வாறு அமைகிறது என்று அறியும் ஆவலில், நீதிமன்றங்களைக் கனவிலும் எண்ணாமல் அவர் முன்னர் நடத்திய ஆராய்ச்சியிலிருந்தே வந்தது. பாம்பின் மரபணுவை ஆராய அன்று பணம் கொடுத்தவர்கள், மலையாளத்துக் குழந்தையொன்றின் உரிமைக்கே அறியாமல் பணம் கொடுத்திருந்தார்கள்.

1849-இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகமும், 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயமும் தோன்றிய காலந்தொட்டு, தேசமெங்கும் தடயப் பரிசோதனை வளர்ந்தே வந்திருக்கிறது. இன்று திருவனந்தபுரத்தில் போலீஸாரின் தடய அறிவியல் ஆய்வகமும், நீதிமன்றங்களுக்காக மரபணு ரேகை பார்க்கும் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் உள்ளன. எனினும், வரும் பொருளைச் சோதித்து அறிக்கை அனுப்புவது ஒன்று; அந்தச் சோதனையின் பிரமாணத்தையே சோதிப்பது வேறொன்று. மழையும் புழுக்கமும் மாறிமாறி வரும் இந்நாட்டில் பிணம் சிதையும் வேகம் குளிர்நாட்டு நூல்களில் கண்ட கணக்குக்கு அடங்காது. மரபணுப் பொருத்தத்தின் வலிமையும் அந்தந்த ஜனசமூகத்தின் அட்டவணையை வைத்தே மதிப்பிடப்பட வேண்டும். கேரளத்துக் காயலோரங்களில் வளரும் ஒதளமரத்தின் நஞ்சால் நிகழ்ந்த மரணங்களைப் பற்றி 2004-இல் வெளிவந்து உலகத்தின் கவனத்தை ஈர்த்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு, ஈவான் கயார் என்ற பிரெஞ்சு நஞ்சியல் அறிஞரே முதலாசிரியராக விளங்கினார். மரம் நம்முடையது, மரணமும் நம்முடையது. அவ்வாராய்ச்சிக்கு முன்னின்றவர் கடல் கடந்த தேசத்தவர்.

2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதை, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்று விதித்து, அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் அளித்திருக்கிறது. அதற்குச் சில நாள் முன்னர் மத்திய அரசு 2,254.43 கோடி ரூபாயில் தடய அறிவியல் வசதிகளுக்கென ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள், மத்திய தடய ஆய்வகங்கள், அப்பல்கலைக்கழகத்தின் டில்லி வளாகத்து வசதிகள் ஆகிய மூன்றும் அத்திட்டத்தின் அங்கங்கள். இவை வேண்டியவையே. ஆயினும் சுவர் எழுப்பப் பணம் ஒதுக்குவது எளிது; பல ஆண்டுக் காலம் ஒரே வினாவோடு உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சியாளனுக்கு ஊதியம் ஒதுக்குவதே ஓர் அரசின் மன உறுதிக்குப் பரீட்சை. அந்தச் செலவை அரசு ஏற்காதவிடத்து அது மறைந்துவிடுவதில்லை. பிழையான அறிக்கையால் சிறை செல்பவனோ, நியாயம் கிடைக்காத குடும்பமோ அதைச் செலுத்துகின்றது. சுசீந்திரத்துக் கொப்பரை ஆறிப்போய் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன; செலவைக் குற்றம் சாட்டப்பட்டவன் தலையில் கட்டும் அப்பழைய கணக்கை நாம் இன்னும் முடித்தபாடில்லை.